பட்டின்னு முடியுற ஊரு

சித்திரைக்கு அப்புறம் இந்தப் பக்கம் நான் ஒண்ணும் எழுதல. ரெண்டு மூணு பேர் போன் போட்டே கேட்டுட்டீங்க, "அண்ணாச்சி, உடம்புக்கு எதுவுமா?"ன்னு. உடம்பு நல்லாத்தான் இருக்கு. சொல்ல வேண்டியது கொஞ்சம் பெரிய விஷயம். எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம தள்ளிப் போட்டுக்கிட்டே வந்துட்டேன்.

விஷயம் என்னன்னா, நான் தென் அமெரிக்கா போயிட்டு வந்தேன்.

சிரிக்காதீங்க. தெக்க திருச்செந்தூர், வடக்க திருப்பதி, இதுதான் ஐம்பத்தஞ்சு வயசு வரைக்கும் நான் பாத்த உலகம். என் மகன் கயானாங்கிற நாட்டுல ஜெனரேட்டர் பராமரிக்கிற வேலையில இருக்கான். அங்க கடலுக்குள்ள 2015-ல எண்ணெய் இருக்குன்னு கண்டுபிடிச்சு, 2019 டிசம்பர்ல எடுக்க ஆரம்பிச்சாங்க. அதுல இருந்து உலகத்துல உள்ள ஆளெல்லாம் வேலைக்கு அங்க போறாங்க, நம்ம பயலும் போயிட்டான். "ஈஸ்டருக்கு சேந்தாப்புல நாலு நாள் லீவு கிடைக்குதுப்பா, வந்து தலைநகரமாச்சும் பாத்துட்டுப் போங்க"ன்னு டிக்கெட்டப் போட்டு அனுப்பிட்டான். டீக்கடையில சொன்னா, "ஆப்பிரிக்காவா மாமா? சூதானமா போங்க"ன்னான் ஒருத்தன். அது கானா, இது கயானான்னு அவனுக்கு விளங்க வைக்கிறதுக்குள்ள டீ ஆறிப் போச்சு.

ஊர் பாக்க மட்டும் நான் போகல. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? எனக்கு இருக்கிறது மொத்தம் நாலு ஏக்கர். ரோட்டோரமா ரெண்டு, ஓடைக்காட்டுல ரெண்டு. ஓடைக்காட்டுல எங்க அய்யா வெட்டின கிணறு ஒண்ணு இருக்கு. அதுல நல்லா தண்ணி பாத்து நாலு வருஷம் ஆச்சு. மக்காச்சோளம் போட்டா படைப்புழு விழுகுது, அதுக்குத் தப்பினத காட்டுப்பன்னி உழப்பிருது. பக்கத்துக் காடு ரெண்டும் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருச்சு. தை மாசம் தரகர் வந்து நாலு ஏக்கரையும் சேத்து ஒரு விலை சொன்னார். அந்தக் காசு வந்தா மக கல்யாணத்துக்கு வாங்கின கடன், நகைக்கடன் எல்லாம் தீந்துரும்.

பட்டாசுக் கம்பெனிய நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லேன்னா எங்க ஊர்ல பாதி அடுப்பு எரியாது. எங்க வீட்டம்மா தீப்பெட்டி ஒட்டின காசுலதான் இந்தப் பய பாலிடெக்னிக் படிச்சான். ஆனா அவன் ஒரு வார்த்தை சொல்லாம பத்திரத்துல கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. போன்ல கேக்கிற விஷயமும் இல்ல. நேர்ல கேப்போம்னு கிளம்பினேன்.

விருதுநகர் பங்குனிப் பொங்கல் முடிஞ்சு, காடு சும்மா கிடக்கிற நேரம். "மாட்ட யாரு பாக்க?"ன்னு வீட்டம்மா வரல. சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோவும், இருக்கங்குடி மாரியம்மன் திருநீறு ஒரு பொட்டலமும் கட்டிக் குடுத்தா. "திருநீற வழியில தொலச்சிராதீங்க"ன்னு மூணு தடவை சொன்னா. சேவப் பத்தி அவ சொல்லல. அதுல கால்வாசி விமானத்துலயே தீந்துருச்சு.

தலைநகர் பேரு ஜார்ஜ்டவுன். விமான நிலையத்துல இருந்து ஊருக்கு 40 கிலோமீட்டர். நம்மள மாதிரியே இடது பக்கம்தான் வண்டி ஓட்டுறாங்க, பேசுறது இங்கிலீஷ். தென் அமெரிக்காவுலயே இங்கிலீஷ அரசாங்க மொழியா வச்சிருக்கிற ஒரே நாடு அதுதானாம். ஆனா அவங்க பேசுற இங்கிலீஷ் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல. மகனே, "எனக்கு ஆறு மாசம் ஆச்சுப்பா"ன்னான்.

போற வழியெல்லாம் நான் பாத்தது தண்ணிதான். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வாய்க்கா, வீட்டுக்கு முன்னால வாய்க்கா, தெருவுக்கு நடுவுல வாய்க்கா. வீடெல்லாம் பலகை வீடு, தூண் மேல ஏத்திக் கட்டியிருக்காங்க. கீழ வெறும் இடத்துல தூளி மாதிரி வலைத்தொட்டில் கட்டி ஆட்கள் படுத்துக் கிடக்காங்க. ஏன் இப்படின்னு கேட்டேன். கடல் ஏறுற நேரம் ஊரு கடல் மட்டத்துக்குக் கீழ போயிருமாம். முன்னால அங்க ஆண்ட டச்சுக்காரங்க கத்துக் குடுத்த வேலை, சதுப்பா கிடந்த இடத்த கரை போட்டு வாய்க்கா வெட்டி நிலமாக்கியிருக்காங்க. வெட்டினது யாருன்னா, ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சிட்டு வந்த அடிமைகள்.

வாய்க்கா கடல்ல சேருற இடத்துல ஒரு மடை இருக்கு. கோக்கர்னு சொல்றாங்க. தூக்குப் பலகை வச்ச மடை, நம்ம கண்மாய் ஷட்டர் மாதிரியே. கடல் இறங்கும்போது தூக்கிவிட்டா ஊருத் தண்ணி வெளிய போகும். கடல் ஏறும்போது இறக்கி வச்சிருவாங்க. ராத்திரி பகல்னு இல்லாம இதுக்கு ஆள் வேணும். நான் அரை மணி நேரம் அங்கயே நின்னுட்டேன். நம்ம மடைக்கு நீர்ப்பாய்ச்சி இருக்கிற மாதிரி அங்கயும் ஒருத்தர். நம்மாளு தண்ணிய வயலுக்குக் கொண்டுபோய்ச் சேக்கப் பாடுபடுறான், அந்தாளு ஊர விட்டு வெளியேத்தப் பாடுபடுறான். நமக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அங்க 2,000-த்துக்கும் மேல. 2005 ஜனவரியில பெஞ்ச மழையில ஊரே நாள்கணக்கா மூழ்கிக் கிடந்துச்சாம். எங்க கண்மாய்க்கு அதுல ஒரு நாள் தண்ணி வந்தா போதும்னு நினைச்சேன். அடுத்தவன் கஷ்டத்துல அப்படி நினைக்கக் கூடாதுதான். ஆனா நினைச்சேன்.

சனிக்கிழமை ஸ்டாப்ரோக் மார்க்கெட்டுக்குப் போனோம். ஆத்தங்கரையில முழுக்க இரும்புலயே கட்டின கட்டடம், மேல மணிக்கூண்டு. 1881-ல கட்டி முடிச்சதாம். உள்ள நகைக்கடை, வெளிய காய்கறி, மீன், மினிபஸ், பாட்டு, எல்லாம் சேந்து ஒரே இரைச்சல். காய்கறியப் பாத்ததும் எனக்குப் பாதி தைரியம் வந்துருச்சு. பாகக்கா, வெண்டை, பூசணி, கத்தரி, எல்லாம் நம்ம ஆளுங்க. நீளத் தட்டாங்காய கத்தை கட்டி வச்சு 'போரா'ன்னு விக்கிறாங்க. விலை கேட்டா ஐந்நூறு டாலர்! எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. மகன் சிரிக்கிறான், "அது இந்த ஊரு டாலருப்பா. இருநூறு சொச்சம் குடுத்தாத்தான் ஒரு அமெரிக்க டாலர்."

மிளகா ஒண்ணு பாத்தேன், 'விரி விரி'ன்னு பேரு. சுண்டைக்கா கணக்கா உருண்டையா, செக்கச்செவேல்னு இருக்கு. நம்ம குண்டு மிளகாயோட பேரன்னு சொல்லலாம். தப்பு, தாத்தான்னு சொல்லணும். மிளகாயே அந்தக் கண்டத்துல இருந்து நமக்கு வந்ததுதான. நாம தலைமுறை தலைமுறையா போடுற மக்காச்சோளம், கடலை, மிளகா எல்லாமே அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பல்ல வந்தது. ஒரு மிளகாய நுனிப் பல்லுல கடிச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் மகன்தான் பேசினான்.

மத்தியானம் புனித ஜார்ஜ் தேவாலயம். 1892-ல திறந்தது, 143 அடி உயரம், முழுக்க மரம். உலகத்துலயே உசரமான மரக் கோயில்கள்ல ஒண்ணுன்னு சொல்றாங்க. உள்ள நல்ல குளுமை. இத்தனை ஈரத்துல கரையான் எப்படி விட்டு வச்சுச்சுன்னுதான் எனக்கு யோசனை. அந்த நாட்டு மரம் அப்படி, இரும்பு மாதிரியாம். அங்க இருந்து 1763 நினைவுச் சின்னத்துக்குப் போனோம். கஃபின்னு ஒரு அடிமை, தன் ஜனத்தத் திரட்டிக்கிட்டு எதுத்து நின்ன வருஷம் அது. பெரிய வெண்கலச் சிலை. காலையில பாத்த வாய்க்கா எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டேன். மகன் சுத்தி முத்திப் பாத்தான், ஆனா ஒண்ணும் சொல்லல.

இன்னொரு இடத்துல கப்பல் ஒண்ண சிலையா வச்சிருக்காங்க. 'விட்பி'ன்னு பேரு. அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு, 1838 ஜனவரியில கல்கத்தாவுல ஏத்தின ஜனத்த மே 5-ந் தேதி கொண்டு வந்து இறக்கின கப்பல். ஒப்பந்தக் கூலின்னு பேரு. அதுல ஆரம்பிச்சு 1917 வரைக்கும் வந்தவங்க 2,38,000 பேருக்கு மேல. முக்காவாசிக்கும் மேல பீகார், உத்தரப்பிரதேசத்து ஆட்கள். கொஞ்சம் பேர் மெட்ராஸ் துறைமுகத்துல ஏறினவங்க, அதாவது நம்ம ஜனம். எங்க பக்கத்துல பஞ்சம்னா இலங்கைத் தோட்டத்துக்குப் போவாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். இவ்வளவு தூரம் வந்தது எனக்குத் தெரியாது.

இன்னைக்கு அந்த நாட்டுல பத்துக்கு நாலு பேர் இந்திய வம்சாவளி. 2015-ல இருந்து 2020 வரைக்கும் பிரதமரா இருந்தவர் பேரு மோசஸ் நாகமுத்து. வெஸ்ட் இண்டீஸ் டீமுல சுழல் பந்து போட்டவர் வீராசாமி பெருமாள். பேர எழுதிக் குடுத்தா சாத்தூர் தாலுகா ரேஷன் கார்டுன்னு சொல்லிருவீங்க. ஆனா தமிழ் பேச்சு அங்க இல்ல. எப்பவோ போயிருச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில மகனோட வேலை பாக்கிற பையன் ஒருத்தன், "எங்க கோயிலுக்கு வர்றீங்களா அங்கிள்"னு கூட்டிட்டுப் போனான். ஊருக்கு வெளிய, வயல ஒட்டுனாப்புல சின்னக் கோயில். 'காளி மாய்' கோயில்னு சொல்றாங்க. உள்ள போனா மாரியம்மா. மஞ்சச் சேலை, வேப்பிலை, எலுமிச்சம்பழம். தனித் தனிச் சின்ன அறையில முனீஸ்வரன், மதுரை வீரன், சங்கிலிக் கருப்பு. பேர எல்லாம் அவங்க வாயில கொஞ்சம் மாத்திச் சொல்றாங்க, ஆனா மூஞ்சியப் பாத்தா எனக்கு அடையாளம் தெரியாமப் போகுமா?

வெளிய ரெண்டு பேர் வைக்கோல்ல தீ மூட்டி தப்பு காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. அவங்களும் தப்புன்னுதான் சொல்றாங்க. விரலால தட்டித் தட்டிப் பாத்து, சத்தம் ஏறலேன்னா திரும்பவும் தீயில காட்டுறாங்க. எங்க ஊருப் பொங்கல்ல பாக்கிற அதே வேலை. அப்புறம் அடிக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்கு சாமி வந்துருச்சு. அத 'மர்லோ'ங்கிறாங்க. மருள்! எங்க ஊர்ல மருளாடின்னு சொல்றோமே அதேதான். பாட்டுல தமிழ் வார்த்தை வருது. பாடுறவங்களுக்கு அர்த்தம் தெரியாது. தாத்தா பாடினார், அப்பா பாடினார், நாங்க பாடுறோம், அவ்வளவுதான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, தப்பச் சத்தத்துல யாரும் பாக்கல.

பூசை முடிஞ்சு தாமரை இலை மாதிரி பெரிய இலையில சோறும் பருப்பும் கறியும் போட்டாங்க. எங்க அய்யா காலத்துல கல்யாணத்துக்குத் தாமரை இலையிலதான் சாப்பாடு. கையால பிசைஞ்சு சாப்பிடும்போது பூசாரிப் பெரியவர் வந்து பக்கத்துல உக்காந்தார். எண்பது வயசு இருக்கும். மகன் நடுவுல இருந்து மாத்தி மாத்திச் சொன்னான்.

"மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கியா?"

"மெட்ராஸ்ல இருந்து தெக்க ஒரு ராத்திரிப் பயணம் அய்யா."

"என்ன வேலை?"

"விவசாயம்."

அவர் எந்திரிச்சுப் போய் ஒரு பிளாஸ்டிக் உறையக் கொண்டு வந்தார். உள்ள ஒரு நகல் பேப்பர். ஜார்ஜ்டவுன் ஆவணக் காப்பகத்துல அந்தக் காலத்துக் கப்பல் பதிவேடெல்லாம் இருக்காம், அவர் பேத்தி போய் எடுத்துட்டு வந்தது. அவரோட பாட்டனுக்குப் பாட்டன் பேரு, வயசு, உயரம், உடம்புல என்ன தழும்பு, எல்லாம் எழுதியிருக்கு. ஊருன்னு போட்ட இடத்த விரலால காட்டி, "இது எங்க இருக்கு?"ன்னு கேட்டார்.

கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். எழுதின வெள்ளைக்காரன் காதுல விழுந்தத எழுதியிருக்கான். மை ஊறிப் போயிருக்கு. கடைசியில 'பட்டி'ன்னு முடியுறது தெரியுது. முன்னால இருக்கிற நாலஞ்சு எழுத்த எப்படிக் கூட்டிப் படிச்சாலும் ஒரு ஊரா வரல. மகனும் செல்போன்ல பெருசாக்கிப் பாத்தான். வரல.

நம்ம நாட்டுல எத்தனை பட்டி! எங்க ஒன்றியத்துலயே எண்ணி மாளாது. அவர்கிட்ட தெரியலேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. "அய்யா, இதுல பட்டின்னு இருக்கு. பட்டின்னா சின்ன ஊரு. எங்க ஊரும் பட்டிதான்"னேன். மகன் அதச் சொன்னதும் பெரியவர் 'பட்டி, பட்டி'ன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தார். அப்புறம் கேட்டார், "அங்க மழை உண்டா?"

"கம்மி அய்யா."

"அதான் வந்திருக்காங்க"ன்னார்.

எனக்குப் பொட்டலம் ஞாபகம் வந்துச்சு. நல்ல வேளை, பைக்குள்ளதான் இருந்துச்சு. "இது எங்க மாரியம்மன் திருநீறு. அர்ச்சுனா நதின்னு ஒண்ணு, வைப்பாறுன்னு ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கா"ன்னு சொல்லிக் குடுத்தேன். ரெண்டு கையையும் நீட்டி வாங்கினார். நெத்தியில பூசிட்டு, மிச்சத்தக் கொண்டு போய் அம்மன் காலடியில வச்சார். "இருக்கங்குடி"ன்னு அவருக்கு வாயில வர நாலு தடவை ஆச்சு.

வீட்டுக்கு வர்ற வழியில மகன் பேசவே இல்ல.

திங்கக்கிழமை சாயங்காலம் கடல் சுவருக்குப் போனோம். 1855-ல கடல் உள்ள புகுந்த பிறகு கட்ட ஆரம்பிச்ச சுவர், கரையோரமா போய்க்கிட்டே இருக்கு. ஈஸ்டர் திங்கள்னா ஊரே அங்க பட்டம் விட வந்துருது. கருப்பு, மாநிறம், சீன முகம், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் நூலப் பிடிச்சு ஓடுதுக. கடல் நீலமா இருக்கும்னு நினைச்சேன். இல்ல, ஆறுக கொண்டு வர்ற வண்டல்ல கலங்கி, வைப்பாத்துல புது வெள்ளம் வந்த நிறத்துல இருக்கு.

சுவர்ல உக்காந்து, வந்த விஷயத்தச் சொன்னேன். தரகர் சொன்ன விலை, கடன் கணக்கு, எல்லாம். முதல் நாள் ராத்திரியே லேசா சொல்லியிருந்தேன். அப்ப அவன், "வித்துருங்கப்பா, நான் திரும்பி வந்து ஏரு ஓட்டவா போறேன்?"னு சொல்லியிருந்தான். இப்ப கொஞ்ச நேரம் கடலையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"ரோட்டோரத்த வேணா குடுத்துருங்கப்பா. கடன் பெரும்பாலும் அடைஞ்சிரும். மிச்சத்த நான் மாசாமாசம் அனுப்புறேன். ஓடைக்காடு இருக்கட்டும்."

"அதுல என்னடா விளையுது? தண்ணி கிடையாது."

"விளையலேன்னா போகுது. கிணத்த தூர் வாருங்க. காசு தர்றேன்."

ஏன்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. பக்கத்துல ஒரு சின்னப் புள்ள பட்டம் அறுந்து அழுதுச்சு. அவன் எந்திரிச்சுப் போய் நூல முடிஞ்சு குடுத்துட்டு வந்தான்.

திரும்பி வந்து தரகர்கிட்ட ரெண்டு ஏக்கர்தான்னு சொன்னேன். அவருக்கு முகம் செத்துப் போச்சு, விலையும் கொஞ்சம் இறக்கிட்டார். சம்மதிச்சு வைகாசியில பத்திரம் முடிஞ்சது. கையெழுத்துப் போட்டுட்டு வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அதையும் சொல்லிறேன். அந்தக் காட்ட நாங்க 'புளியமரத்துக்காடு'ன்னு சொல்லுவோம். இனிமே ரூம் ஒண்ணு, ரூம் ரெண்டுன்னுதான் அதுக்குப் பேரு.

ஆனியில ஓடைக்காட்டுக் கிணத்த தூர் வாரினோம். எட்டு அடி வண்டல் வந்துச்சு. அத்தனையும் காட்டுக்கே அடிச்சுப் பரத்தியாச்சு. அடியில கசிவு இருக்கு. ஒரு மணி நேரம் மோட்டார் ஓடும், நின்னுரும், மறுநாள் ஓடும். பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா இருக்கு.

பெரியவர் அந்தப் பையன் மூலமா அப்பப்ப கேட்டு விடுறார். ஊரு தெரிஞ்சதா, மழை பெஞ்சதா, இந்த ரெண்டுதான் கேள்வி. அந்த நகல என் போன்ல வச்சிருக்கேன். தாலுகா ஆபீஸ் போனாலும், உரக்கடை போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் வயசாளி யாராச்சும் இருந்தா காட்டுறேன். ஆளுக்கு ஒரு பட்டி சொல்றாங்க. பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் ஒரு பட்டி இருக்கும். தாத்தா பாட்டி இன்னும் இருந்தா கேட்டு எழுதி வச்சுக்கங்க, முழுப் பேரா, தப்பில்லாம.

நேத்து ராத்திரி ஒரு உழவு மழை பெஞ்சிருக்கு. மகனுக்குச் சொல்லிட்டேன், அவன் பெரியவருக்குச் சொல்லிருவான். நான் ஓடைக்காடு வரைக்கும் போயிட்டு வர்றேன்.